ஆம்புலன்ஸ் ரூம்: சிஸ்டர் பதில்கள்

போன இதழைப் படித்த ஒரு வாசகர், "ஆம்புலன்ஸ் ரூம் என்றால் வண்டி நிறுத்தும் இடமா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் சட்டப்படி இருக்க வேண்டிய முதலுதவி அறைக்கு அதுதான் பெயர். கோவை கணபதிப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் அப்படி ஓர் அறையில் 1986 முதல் 2017 வரை இருந்தேன். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு கைகழுவும் தொட்டி, ஒரு காய நோட்டு, நான். ஆலையில் யாருக்கும் என் பெயர் தெரியாது. எல்லோருக்கும் சிஸ்டர்தான். இந்த முறை கடிதங்கள் அதிகம். நேராகக் கேள்விகளுக்குப் போகிறேன்.

கேள்வி: 14 பவர் பிரஸ் வைத்து வாகன உதிரிபாகங்கள் அடித்துக் கொடுக்கிறேன். வாங்கும் கம்பெனி வற்புறுத்தியதால் கால் மிதியை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அழுத்தும் பொத்தான்களைப் போட்டேன். ஷிப்டுக்கு 3,000 அடித்த ஆள் இப்போது 2,400 அடிக்கிறார். சிலர் ஒரு பொத்தானை ரப்பர் பாண்டால் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறார்கள். நானும் கண்டுகொள்வதில்லை. பாதுகாப்பெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகும். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
*– சிறுதொழில் உரிமையாளர், ஓசூர்*

பதில்: ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியும் பிரஸ் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓடவே கூடாது, ஐயா. முறையான இரட்டைக் கைப் பொத்தான் என்றால் இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தியாக வேண்டும். அடுத்த அடிக்கு முன் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஒன்றைக் கட்டி வைத்தால், மேலிருந்து இறங்கி அடிக்கும் ராம் அசையாது. உங்களுக்கு வயரிங் செய்தவர் இரண்டு சாதாரண சுவிட்சுகளை வரிசையாக மாட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆபரேட்டரைக் கோபிக்கும் முன் அவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது அந்த 600 பீஸ். அவை பொத்தானால் போயின என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குச் சந்தேகம். எங்கள் ஆலையில் பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கும் பகுதி ஒன்று உண்டு. காயத்தோடு வருகிறவரிடம் பெயர், டோக்கன் எண் மட்டும் கேட்பதுதான் வழக்கம். எந்த மெஷின் என்றும் கேட்டு எழுதுவது நானாகப் பழகிக்கொண்டது. ஒரு தீபாவளி சமயம் நோட்டைப் புரட்டியபோது, அந்த வருடம் விரலில் அடிபட்டு வந்த ஏழு பேரில் நான்கு பேர் ஆறாம் எண் பிரஸ்காரர்கள் என்று தெரிந்தது. ஃபோர்மேனிடம் சொன்னேன். "ஆட்கள் கவனக்குறைவு, சிஸ்டர்" என்றார். நான்கு வெவ்வேறு ஆட்கள், ஒரே மெஷினில், ஒரே மாதிரிக் கவனம் குறைந்துவிட்டதா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் அந்தப் பிரஸ்ஸின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஆபரேட்டருக்கு என்னைப் பார்த்துச் சங்கடம், எனக்கும்தான். ஐந்தாறு அடிக்கு ஒருமுறை தகடு, அதை வெட்டும் பஞ்ச் உளியிலேயே ஒட்டிக்கொண்டு மேலே போனது. அவர் விரலை விட்டுத் தட்டி எடுத்தார். தகட்டைப் பிரித்துவிட வேண்டிய ஸ்ட்ரிப்பர் ஸ்பிரிங் தேய்ந்திருந்தது. விஷயம் அவ்வளவுதான். டூல் ரூமில் ஒரு மாலையில் மாற்றினார்கள். அதன்பின் ஆறாம் எண் பிரஸ்ஸிலிருந்து என்னிடம் வந்தவர் குறைவு. இரண்டு மாதம் கழித்துத் தர ஆய்வுப் பகுதியில் இருந்த பெண், அந்த மெஷினின் கழிவுத் தகடு ஏனோ குறைந்துவிட்டது என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலைக் கேட்ட அதே ஸ்பிரிங்தான் தகட்டையும் கோணலாக்கிக்கொண்டிருந்தது.

ஆகவே கடிகாரத்தோடு உங்கள் பிரஸ் அருகே அரைமணி நேரம் நில்லுங்கள். பொத்தான் அழுத்த எத்தனை நொடி, பீஸை எடுக்க எத்தனை நொடி, தட்டை நிரப்ப எத்தனை நொடி என்று எழுதுங்கள். பீஸ் தானாகச் சரிந்து விழ ஒரு தகட்டுச் சரிவும், தள்ளிவிட ஒரு எஜெக்டரும் போட்டால் உங்கள் 600இல் பெரும்பகுதி திரும்பி வரும் என்று நினைக்கிறேன்.

யாராவது லைட் கர்ட்டன் விற்க வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மனிதக் கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நீளும் என்று வைத்துத்தான் அந்த ஒளித்திரையை எவ்வளவு தள்ளி மாட்டுவது என்று கணக்கிடுகிறார்கள். உங்களுடையவை பழைய கீ கிளட்ச் பிரஸ்களாக இருந்தால் அது வீண்செலவு. இறங்கத் தொடங்கிய ராம் நடுவழியில் நிற்கவே நிற்காது, திரை பார்த்து என்ன பயன்? அவற்றுக்கு டை எனும் அச்சைச் சுற்றி நிலையான தடுப்பு, தகடு நுழையும் அளவுக்கு மட்டும் ஓர் இடைவெளி. உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம்.

கட்டுப்படியாகுமா என்றீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிப்டில் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அந்தப் பிரஸ் விசாரணை முடியும் வரை நின்றது. அது எல்லோருக்கும் தெரிந்த நஷ்டம். பக்கத்துப் பிரஸ்காரர்கள் அந்த வாரம் அடித்தது வழக்கத்தில் பாதி. யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. அடிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். அவர் இடத்தில் உட்கார வைத்த புதுப் பையன் முதல் வாரத்திலேயே ஒரு டையை உடைத்தான். இவற்றைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதினார்களோ தெரியாது, விபத்து என்ற தலைப்பில் எழுதவில்லை. அடிபட்டவர் ஏழு மாதம் கழித்து ஸ்டோருக்குத் திரும்பி வந்து, இடது கையில் சோறு பிசையப் பழகுவதைக் கேன்டீனில் எதிர் மேசையிலிருந்து பார்த்தேன். அதற்கு விலை போடும்படி என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்: 412' என்று பலகை இருக்கிறது. 500ஐத் தொட்டால் எல்லோருக்கும் எவர்சில்வர் குடம். போன வாரம் என் லைனில் ஒரு பையனுக்கு உள்ளங்கை கிழிந்து ஆறு தையல். மேலிடத்தில், வெளிக் கிளினிக்கில் காட்டிவிட்டு வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். அவனும் சம்மதித்துவிட்டான். எனக்குத்தான் உறுத்துகிறது.
*– மேற்பார்வையாளர், கோவை*

பதில்: தம்பி, உறுத்தட்டும். எங்கள் ஆலையிலும் குடம் கொடுத்தார்கள். என் வீட்டில் ஒன்று இருக்கிறது, அரிசி போட்டு வைத்திருக்கிறேன். அது வந்த கதையைச் சொல்கிறேன்.

பலகை மாட்டிய வருடம் காய நோட்டு பாதியாக மெலிந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஆனால் பஞ்சு, காஸ் துணி, டிங்க்சர் எல்லாவற்றுக்கும் ஸ்டோருக்கு இண்டென்ட் போடுகிறவளும் நான்தானே? அதில் ஒரு பொட்டலம்கூடக் குறையவில்லை. காயம் பாதியாகிவிட்டது, கட்டுத் துணி மட்டும் அப்படியே செலவாகிறது. எப்படி? "கட்டு மட்டும் போடுங்கள் சிஸ்டர், எழுத வேண்டாம், எங்கள் செக்‌ஷனுக்குக் குடம் போய்விடும்" என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானும் எழுதவில்லை. எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தில், வார்ப்புகளின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் ஃபெட்லிங் பகுதியின் மூன்றாம் எண் கிரைண்டரிலிருந்து கண்ணில் துகள் விழுந்து மூன்று பேர் வந்தார்கள். கழுவிவிட்டேன், துகளை எடுத்தேன், அனுப்பினேன். நான்காவது ஆளைச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இடது கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், கல்லுக்கும் வேலை தாங்கும் ரெஸ்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாத இடைவெளியில் என் சுண்டுவிரல் போனது. முன்னால் இருக்க வேண்டிய கண்ணாடியும் இல்லை. விசாரணையில், முன்பு இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டார்கள். நோட்டில் ஒன்றும் இல்லை. மூன்று முறை சொல்லியனுப்பிய மெஷினை நான்தான் வாயடைத்து வைத்திருந்தேன்.

இப்போது உங்கள் பையன். வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ.யில் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டில் விழுந்தது என்றால் அது சாதாரண நோய்க் கணக்கு, 70 சதவீதம்தான். இந்த 20 சதவீதம்கூடப் போகட்டும். நாளைக்கு அந்த உள்ளங்கையில் நரம்பு இறுகி விரல் மடங்காமல் போனால், நிரந்தர ஊனத்துக்கான தொகை கேட்க அவனிடம் காகிதம் இருக்காது. மருத்துவமனைச் சீட்டில் ஒருமுறை 'வீட்டில் வழுக்கி' என்று எழுதிவிட்டால் அதை அழிப்பது மகா கஷ்டம். இன்னும் விபத்து அறிக்கை போகவில்லை என்றால் இன்றே அனுப்பச் சொல்லுங்கள். நடந்த நேரம், மெஷின், பார்த்தவர் பெயர் மூன்றையும் உங்கள் டைரியிலும் தேதியோடு எழுதி வையுங்கள்.

உங்கள் மேலிடத்துக்கு அமெரிக்கக் கதை சொன்னால்தான் காது திறக்கும் என்றால் இதைச் சொல்லுங்கள். 1987இல் பால் ஓநீல் என்பவர் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைவரானார். முதலீட்டாளர்கள் முன் பேசிய முதல் பேச்சில் லாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பேசினார். கேட்டவர்களில் சிலர் பங்கை விற்கச் சொல்லி ஓடினார்களாம். 2000இல் அவர் விலகும்போது நிறுவனத்தின் ஆண்டு நிகர வருமானம் ஐந்து மடங்காகியிருந்தது. அலுமினியத்தின் விலை, சந்தை என்று அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். வருமானத்தைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு சம்பவம். 1996இல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து, மெக்சிகோவில் உள்ள உங்கள் ஆலையில் புகையால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்களே என்று கேட்டார். ஓநீலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. விசாரித்தார். அந்தப் பிரிவின் உயர் அதிகாரி வேலையை இழந்தார். புகை வந்ததைச் சரிசெய்திருந்தார்கள், மேலே சொல்லாமல் மறைத்ததுதான் குற்றம். அங்கேயும் கேட்டது ஒரு சிஸ்டர்தான் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.

கேள்வி: பாதுகாப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நான்கு ரூபாய் மிச்சம் என்று பயிற்சியில் சொன்னார்கள். இந்த எண்ணை பட்ஜெட் குறிப்பில் போடலாமா?
*– கணக்குத் துறை அலுவலர், சென்னை*

பதில்: போடாதீர்கள். அது சுற்றிச் சுற்றித் திரிந்த எண். ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டுக் கம்பெனிக்காரர், விபத்தின் நேரடிச் செலவு ஒரு பங்கு என்றால் மறைமுகச் செலவு நான்கு பங்கு என்றார். 1931இல் அவர் எழுதிய நூலில் இன்னொன்றும் இருக்கிறது: விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் தவறான செயலால் நடப்பவை. அவர் பார்த்த மூலப் பதிவுகள் இன்று எவர் கையிலும் இல்லை. அந்தப் பதிவுகள் பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்தவை. மேற்பார்வையாளர் யார்மேல் பழி எழுதுவார் என்று எனக்கு 31 வருட அனுபவம் உண்டு. எங்கள் ஆறாம் எண் பிரஸ்ஸும் அந்த 88இல்தான் சேர்ந்திருக்கும்.

உங்கள் ஆலையின் சொந்த எண்ணைப் போடுங்கள். எங்கள் கொள்முதல் பிரிவு ஒருமுறை ஃபவுண்டரி ஷூவுக்குப் பதிலாக விலை குறைந்த, கயிறு கட்டும் ஷூ வாங்கியது. உருகிய இரும்பு கையாளும் இடத்தில் ஷூவுக்குக் கயிறு இருக்கக் கூடாது. தெறித்த இரும்பு உள்ளே போனால் ஒரே உதறலில் காலை உருவ வேண்டும். அந்தக் கயிற்றை அவிழ்க்க ஆன நேரத்தில், ஒருவருக்குப் புறங்காலில் வேறு தோல் எடுத்து ஒட்டும் அளவுக்குத் தீக்காயம் போய்விட்டது. ஒரு ஜோடிக்கு மிச்சம் பிடித்த தொகை, அவருடைய விடுப்பு நாட்கள், பதிலாள் கூலி, பிறகு மொத்த ஷூவையும் ஒதுக்கிவிட்டு மறுபடி வாங்கிய பில் ஆகிய நான்கும் உங்கள் துறையிலேயே இருக்கும். கூட்டிப் பாருங்கள்.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு நச்சு வாயு கசிந்தபோது, அந்தத் தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய சாதனம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. அப்படி நிறுத்தியதும் ஏதோ ஒரு கணக்கில் சிக்கனம் என்றுதான் பதிவாகியிருக்கும்.

கேள்வி: தேசியப் பாதுகாப்பு நாளுக்கு எங்கள் ஷெட்டில் எழுத நல்ல வாசகம் ஒன்று தாருங்கள்.
*– வாசகர், ஈரோடு*

பதில்: தேசியப் பாதுகாப்பு மன்றம் 1966 மார்ச் 4இல் தொடங்கப்பட்டது. 1972 முதல் அந்த நாளைக் கொண்டாடுகிறோம், வருடா வருடம் வாசகமும் எழுதுகிறோம். உங்கள் ஷெட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். என் கடைசி வருடங்களில், மணலில் அச்சு செய்யும் மோல்டிங் பகுதியில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்தான் பாதி. சுவரில் இருந்ததோ அருமையான வெண்பா. 'நில்' என்ற ஒரு சொல்லை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி மெயின் சுவிட்சுக்கு மேல் ஒட்டுங்கள், போதும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்கிறேன். உட்காரச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு ஃபோன் வருகிறது. முதலாளியிடம் எப்படிப் பேசுவது?
*– வாசகி, மதுரை*

பதில்: வந்தது உண்மைதான், கண்ணு. 2021இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. நாற்காலி வைத்தால் போதும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும் என்கிறது. கேமராவில் பார்த்துத் திட்டுகிறவர் நாற்காலியை அலங்காரப் பொருளாக்கிவிட்டார்.

காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைப்பது ஒன்று. அதைவிட நான் அதிகம் பார்த்தது, கழிப்பறைக்கு அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்களை. என் தங்கை மகளும் உன்னைப் போல் ஜவுளிக்கடையில்தான் இருந்தாள். ஆறரை மணிக்கு மேல் மேல்தட்டுச் சேலைகளை எடுத்துக் காட்டவே மாட்டாள். கால் ஏணி ஏற மறுக்கும். கைக்கு எட்டியதை மட்டும் விரிப்பாள். கடையின் விலை உயர்ந்த சேலைகள் எல்லாம் மேல்தட்டில். கல்யாண வீட்டார் வருவதும் அந்த நேரத்தில்தான். முதலாளியிடம் சட்டப் பிரிவைச் சொல்லும் முன் இதைச் சொல்லிப் பாருங்கள். தனியாகப் போகாமல் ஐந்தாறு பேர் சேர்ந்து போங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளருக்குச் சேர்ந்து கையெழுத்திட்டு எழுதுங்கள். அதுவரை ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க கவுன்ட்டருக்குக் கீழே ஓர் அடி உயர மரக்கட்டை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை மறைத்து வைக்காமல் மேலே வையுங்கள்.

கேள்வி: ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி. மூன்று வாரமாக 12 மணி நேர ஷிப்ட். தொழிலாளர்களே விரும்பி வருகிறார்கள், இரட்டிப்புக் கூலியும் கொடுக்கிறோம். இதில் தவறு என்ன?
*– மனிதவள மேலாளர், ஸ்ரீபெரும்புதூர்*

பதில்: இரட்டிப்புக் கூலி கொடுப்பது நல்லது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது, இப்போது வந்திருக்கும் 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. எத்தனையோ பேர் கொடுப்பதில்லை. விரும்பி வருகிறார்கள் என்றீர்களே, பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் எங்கள் ஆட்களும் அப்படித்தான் விரும்பினார்கள்.

கூலி கொடுத்துவிட்டால் தூக்கம் கணக்கில் வராமல் போய்விடுமா? என் நோட்டில் நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. மூன்றாம் ஷிப்டில் ஆட்கள் குறைவு. ஆனாலும் அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் வந்தவர்களின் காயங்கள் வேறு மாதிரி. பகலில் வருபவை சிராய்ப்பு, சூடு. அந்த நேரத்தில் வருபவை, தெரிந்த ஆள் தெரிந்த வேலையில் செய்த, அவராலேயே விளக்க முடியாத தவறுகள். "சுவிட்சை அணைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்" என்பார்கள். திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிக்கு. செர்னோபில் 1986 ஏப்ரல் 26 இரவு 1.23க்கு. போபால் நள்ளிரவு. அவற்றுக்கெல்லாம் பெரிய காரணங்கள் வேறு இருந்தன. ஆனால் அந்த நேரத்தில் மனிதனின் மூளையை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது என்பது என் கட்சி.

மற்றவரைச் சொல்வானேன். பதில் சிஸ்டர் விடுப்பில் போனதால் நான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த ஒரு வாரம். அதிகாலை நான்கே கால் மணிக்கு ஒருவருக்கு வலது கை மணிக்கட்டில் தீக்காயம். கட்டுப் போட்டேன், நோட்டிலும் அறிக்கையிலும் எழுதினேன். இடது கை என்று எழுதியிருக்கிறேன். கண் முன்னால் கட்டோடு வலது கை இருக்கிறது, பேனா இடது என்கிறது. மருத்துவமனைச் சீட்டும் எங்கள் அறிக்கையும் ஒத்துப்போகாமல் அவருடைய பணம் இரண்டு மாதம் நின்றது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உங்கள் லைனில் மூன்றாவது வாரம் திருப்பி அனுப்பப்பட்ட பொருட்களையும் முதல் வாரத்துடையதையும் எடுத்து, கடைசி மூன்று மணி நேரத்தில் தயாரானவை எவை என்று பிரித்துப் பாருங்கள். நான் ஊகம் சொல்ல விரும்பவில்லை, உங்கள் ரிஜிஸ்டரே சொல்லும். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்ததால் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. நெருக்கடி தீரும்வரை வேறு வழியே இல்லை என்றால், கனமான மெஷின்களையும் மின் பழுது வேலைகளையும் கடைசி மூன்று மணி நேரத்தில் வைக்காதீர்கள். இரவு ஷிப்ட் முடித்தவரை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பாமல் பஸ் விடுங்கள். ஆலை வாசலைத் தாண்டிய பிறகு நடப்பவை என் நோட்டில் ஏறவில்லை, நடக்காமலும் இல்லை.

கேள்வி: சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ள வருடம் ஒருமுறை ஆள் இறங்குவது வழக்கம். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்து, அணையவில்லை என்றால் இறங்கலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?
*– வாசகர், திருப்பூர்*

பதில்: இறங்க வேண்டாம். இதழ் கைக்கு வரும் முன் இறங்கிவிடக் கூடாதே என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

மெழுகுவர்த்தி காட்டுவது ஆக்சிஜனை மட்டும். தொட்டியில் எரிவாயு இருந்தால் அந்தச் சுடரே வெடிக்கவைக்கும். சேற்றில் உறங்கும் ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி மெழுகுவர்த்திக்கு ஒன்றும் தெரியாது. மேலே நின்றால் அழுகிய முட்டை நாற்றம். சேற்றைக் கிளறியதும் வாயு பெருகும், 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு) அளவை எட்டியதும் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காற்றைவிடக் கனமான வாயு, அடியிலேயே கிடக்கும். ஈரத் துணி, முகக்கவசம் எதுவும் உதவாது.

முதல் ஆள் சாய்ந்ததும் அண்ணனோ மைத்துனனோ குதிப்பார். அவரைத் தூக்க இன்னொருவர். செய்தித்தாளில் 'மூவர் பலி' என்று வருவது இப்படித்தான். சேற்றை மோட்டார் வைத்து மேலிருந்தே உறிஞ்ச முடியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும். முடியாது என்றால், இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். புளோயர் வைத்து வெளிக்காற்றைச் செலுத்தி, நான்கு வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளந்து, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, நச்சு வாயு இல்லையா என்று பார்த்த பிறகுதான் அவர்களும் இறங்குவார்கள். அப்போதும் உடம்பில் ஹார்னெஸ், மேலே முக்காலியும் கப்பியும், கண்ணை எடுக்காத ஒருவர். மேலிருப்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது, கப்பியைச் சுற்றித்தான் தூக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு லாப நஷ்டம் பேச எனக்கு மனமில்லை.

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ஃபவுண்டரியில் 19 வருடமாக வேலை. ஒரு வருடமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. விடுப்புப் போட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்.
*– வாசகி, பீளமேடு*

பதில்: அம்மா, டாக்டர் பார்க்காமல் நான் நோயின் பெயர் சொல்லக் கூடாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லித் தருகிறேன். இ.எஸ்.ஐ. மருத்துவமனை நெஞ்சு நோய்ப் பிரிவில் அவரைக் காட்டும்போது, "இவர் 19 வருடமாக மணல் தூசியில் வேலை செய்கிறார், இது சிலிக்கோசிஸாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். மணல் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும் நோய் அது. அந்த 19 வருடமும் கேஸ் சீட்டில் எழுதப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸும் டி.பி.யும் ஒன்றுபோலத் தெரியக்கூடும், இரண்டும் சேர்ந்தும் வரும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு அதிகம். பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள், வரிசையாகத் தேதி எழுதி எடுத்துப் போங்கள்.

சிலிக்கோசிஸ் என்றால் அது சட்டத்திலேயே பட்டியலிடப்பட்ட தொழில்நோய். வேலையில் பட்ட காயத்தைப் போலவே இழப்பீடு உண்டு. நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாது, மேலும் விழாமல் தடுக்கலாம். ஆகவே அவரைத் தூசியில்லாத பகுதிக்கு மாற்றக் கேளுங்கள். மருத்துவர் எழுதிய காகிதத்தோடு கேட்டால் மறுப்பது கடினம். பீடி குடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள். தனி வாளியில் தண்ணீரில் முக்கிய பிறகு துவையுங்கள். குழந்தைகளின் துணியோடு போட வேண்டாம்.

எந்தப் பகுதியில் எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. மோல்டிங்கா, வார்ப்பை மணலிலிருந்து தட்டி எடுக்கும் நாக்கவுட்டா, ஃபெட்லிங்கா? அவரைக் கேட்டு, வருடக் கணக்கோடு எனக்கு எழுதுங்கள். கூடவே வேலை செய்தவர்களில் வேறு யாருக்கு இப்படி இருமல் இருக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அடுத்த இதழ் வரை வைத்திருக்க மாட்டேன்.